கடைசிப் பக்கத்தில் நான் ஒட்டிய தாள்

எங்கள் சபையின் மாத இதழைப் பார்த்துக்கொள்ளும் பிரின்சி போன மாதம் போனில் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, கிறிஸ்தவங்க எந்த நாவல் வாசிக்கலாம், எதை வாசிக்கக் கூடாதுன்னு பத்து பாயின்ட்டா எழுதிக் குடுங்களேன். இப்ப எல்லாரும் போன்லயே கதை வாசிக்காங்க. எதுல என்ன இருக்குன்னே தெரியல. ஒரு பக்கத்துக்கு மேல போக வேண்டாம்" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. தூத்துக்குடியில் எங்கள் சபை வாசகசாலையில் இருபத்தெட்டு வருஷம் அந்த வேலையைத்தான் செய்தேன். மற்றவர்கள் கையில் போவதற்கு முன்னால் கதைப் புத்தகங்களை வாசித்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்து வைப்பது. என் பெயர் ஜாய்ஸ். வயது அறுபத்தாறு. பத்து பாயின்ட் எழுத மூன்று நாள் உட்கார்ந்தேன். நான்காவது பாயின்ட்டிலேயே கை நின்றுவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன். பிரின்சி வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நூலகச் சான்றிதழ் படிப்பு படித்துவிட்டுச் சும்மா இருந்தவளை, தெரிந்தவர் ஒருவர் இங்கே கொண்டுவந்து சேர்த்தார். புத்தகத்துக்கு எண் போடவும் அட்டவணை எழுதவும் படிப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். எந்தக் கதை யாருக்கு ஆகாது என்று அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தந்தவர் ஞானமுத்து ஐயா.

ஐயா வாசகசாலையின் செயலர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். புதன்கிழமை பதினோரு மணிக்கு வருவார். அந்த வாரம் வந்த புத்தகங்களையும், ஒவ்வொன்றுக்கும் நான் எழுதிய பார்வைக் குறிப்பையும் மேசையில் வரிசையாக வைத்திருக்க வேண்டும். குறிப்பு அரைத்தாள். கதைச் சுருக்கம் ஐந்து வரி. குடி, சூது, மந்திரவாதம், கெட்ட வார்த்தை, படுக்கையறைக் காட்சி இவை இருந்தால் பக்க எண். கடைசியில் "முடிவு" என்று ஒரு கட்டம்.

ஐயா மற்றதை எல்லாம் மேலோட்டமாகப் பார்ப்பார். கட்டத்தைத்தான் வாசிப்பார். பிறகு புத்தகத்தைக் கவிழ்த்துப் பிடித்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, பின்பக்கமிருந்து கடைசி அதிகாரத்தைத் திறப்பார். "எம்மா, நடுவுல ஆயிரம் அசிங்கம் இருக்கட்டும். கெட்டவன் திருந்துதானா, பிரிஞ்சவங்க சேருதாங்களா, அதைப் பாரு. மனுசன் மனசுல முடிவுதான் தங்கும்" என்பார். கடைசி அதிகாரத்தை ஒரு வரியும் விடாமல் வாசிப்பார். பிடித்துவிட்டால் கண் கலங்கும். அவரை வெறும் கெடுபிடிக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கதையில் கோயில், பூசை, திருவிழா வந்தால் அதற்காக எந்தப் புத்தகத்தையும் அவர் ஒதுக்கியதில்லை. "நம்ம அக்கம்பக்கத்து ஜனம் கும்பிடுதத நாம வாசிச்சா நமக்கு என்ன குறைஞ்சா போயிரும்?" என்று சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்டவர் அவர்.

வாசித்து முடித்ததும் மூன்று ரப்பர் முத்திரைகளில் ஒன்றைக் குத்துவார். "அனைவருக்கும்." "பெரியவர்களுக்கு மட்டும்." "வெளியிட வேண்டாம்." மூன்றாவது முத்திரை விழுந்த புத்தகம் பின்னறையில் இருந்த இரும்பு பீரோவுக்குப் போகும். சாவி என்னிடம்.

தேறிய புத்தகத்தை நான் பைண்டு செய்வேன். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு ஸ்டேப்ளர் பின் ஆறு மாதம் தாங்காது. துரு இறங்கித் தாளையே தின்றுவிடும். அதனால் பின்னைப் பிடுங்கிவிட்டு நூலால் தைத்து, மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க அதில் துளி மயில்துத்தம் போட்டு, காலிகோ துணி ஒட்டி, முதுகில் வெள்ளை மையால் பெயர் எழுதுவேன். கடைசிப் பக்கத்தில் தேதி குறிக்கும் தாளை ஒட்டுவேன். கை சுத்தமான வேலை. அதில் எனக்கு ஒரு திமிர்கூட உண்டு.

தொடக்கத்தில் ஒரு கூத்து நடந்தது. ஆட்சேபமான பக்க எண்களை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், வாசகர்கள் தாங்களே தாண்டிப் போய்விடுவார்கள் என்று நானே யோசனை சொல்லி, "பெரியவர்களுக்கு மட்டும்" புத்தகங்களின் முன்னட்டை உட்புறத்தில் அந்த எண்களை அழகாக எழுதி ஒட்டினேன். இரண்டே மாதத்தில் அந்தப் புத்தகங்களை மேசையில் வைத்தால் தானாகவே அந்தப் பக்கத்தில் திறந்துகொண்டன. வாலிபர் சங்கத்தில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆட்கள்கூட வரிசையில் நின்றார்கள். "அக்கா, நம்பர் ஒட்டின புஸ்தகம் புதுசா வந்துருக்கா?" என்றே ஒருவன் கேட்டான். ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாள்களை எல்லாம் ஈரத்துணி வைத்து நானே உரித்தேன்.

அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். சிரிப்பு வராத இன்னொரு விஷயம் உண்டு. பீரோவுக்குப் போன கதைகளை இந்தச் சபையில் வாசித்தவள் நான் ஒருத்திதான். மத்தியானம் வாசகசாலையை மூடிவிட்டு, பின்னறையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்து வாசிப்பேன். சில கதைகள் குப்பை. சில கதைகள் என்னை உலுக்கின. அழுதுவிட்டு, முகம் கழுவி, மூன்று மணிக்குக் கதவைத் திறப்பேன். என்னாயிற்று என்று கேட்க ஆளில்லை. கேட்டாலும் சொல்ல முடியாது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அமையவில்லை. அப்பா அம்மா போன பிறகு பேச்சு என்று பார்த்தால், சபை வாசலில் "சோத்திரம் அக்கா", "சோத்திரம்மா" என்கிற வணக்கம், அவ்வளவுதான். வாசித்த கதையை ஒரு ஆளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். பெயர் வேண்டாம். வாரப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்து, இரண்டு பாகமாக வெளிவந்த குடும்ப நாவல். முதல் பாகத்தில் ஒரு பெண்ணைக் கணவன் அடிக்கிறான். அவள் குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்துவிடுகிறாள். கடைசி அதிகாரத்தில் அவன் மழையில் நனைந்துகொண்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் திரும்பிப் போகிறாள். ஐயா அதை வாசித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். "அனைவருக்கும்" என்று குத்தினார்.

ஒரு மாதம் கழித்து இரண்டாம் பாகம் வந்தது. முதல் அதிகாரத்திலேயே அவன் மறுபடி அடிக்கிறான். அவள் வேறு ஊருக்குப் போய், தையல் வேலை செய்து, குழந்தையை வளர்க்கிறாள். அவன் திருந்தவில்லை. அவளும் திரும்பவில்லை. அதோடு கதை முடிகிறது. "முடிவு" கட்டத்தில் "தனியாக வாழ்கிறாள்" என்று எழுதினேன்.

ஐயா கடைசி அதிகாரத்தை இரண்டு தடவை வாசித்தார். "எம்மா, இதுல மனந்திரும்புதல் எங்க இருக்கு?"

"தப்புப் பண்ணினது அவன்லா ஐயா" என்று வாய் வரைக்கும் வந்தது. வந்ததை விழுங்கிவிட்டேன். மூன்றாவது முத்திரை விழுந்தது.

அப்புறம் நான் செய்ததுதான் பெரிது. முதல் பாகத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாம் பாகம் இல்லை என்றால் ஆள் ஆளுக்கு வந்து கேட்பார்களே என்று, முதல் பாகத்தை மறுபடி பைண்டுக்கு எடுத்தேன். முதுகில் "முதல் பாகம்" என்று எழுதவில்லை. உள்ளே தலைப்புப் பக்கத்தில் அந்தச் சொல் இருந்த இடத்தில் வாசகசாலைச் சீட்டை ஒட்டினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் "முதல் பாகம் முற்றிற்று" என்று அச்சாகியிருந்த வரியின்மேல் தேதித் தாளை ஒட்டினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஐயாவிடம் காட்டியபோது, "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டே போனேன்.

அந்த நாட்களில்தான் ரூபி வாசகசாலைக்கு வரத் தொடங்கினாள். ரூபி என்பது அவள் சொந்தப் பெயரில்லை, அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு டீச்சர். அவள் புருஷன் துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்த்தான். பாடகர் குழுவில் அவன் குரல்தான் தூண். ஞாயிற்றுக்கிழமை அவன் பாட நின்றால் பின்வரிசைக் கிழவிகள்கூடத் தூங்க மாட்டார்கள். ரூபி மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. "ரூபி கோவிச்சுட்டு வந்திருக்கா" என்று சபையில் சொன்னார்கள். அவள் கையில் இருந்த தழும்பைப் பார்த்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் பார்த்தேன்.

"ஏதாவது நல்ல கதையா குடுங்கக்கா. மனசே சரியில்ல" என்றாள்.

அலமாரி நிறையக் கதை இருந்தது. நான் அந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. இரண்டு சனிக்கிழமை தேதியை நீட்டித்து வாங்கிக்கொண்டு போனாள். மூன்றாவது சனிக்கிழமை வந்து, புத்தகத்தை மேசையில் வைத்து, கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இது இதோட முடிஞ்சிட்டா?"

"ஆமா."

"அதுக்கப்புறம் அவ என்ன ஆனா?"

"அதான் திரும்பிப் போயிட்டாளே. அவ்வளவுதான் கதை. கடைசிப் பக்கமே அதுதான ரூபி."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பீரோச் சாவி என் இடுப்பில் இருந்தது. இரண்டாம் பாகம் உண்டு என்று சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் அவள் கேட்பாள், ஐயாவிடம் போக வேண்டும், நான் தாள் ஒட்டி மறைத்தது சபைக்கே தெரிந்துவிடும். கெட்டிக்காரி என்ற பெயர் போகும். இதைத்தான் நான் அப்போது நினைத்தேன். அவள் கதி என்னவாகும் என்று நினைக்கவில்லை.

"சரிக்கா" என்று போய்விட்டாள். மறு ஞாயிறு ஆராதனையில் அவள் புருஷனின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. புருஷன் அன்றைக்கு இன்னும் நன்றாகப் பாடினான்.

ஐயாவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது, அவள் கடைசியாக எடுத்த புத்தகம் எது என்று. வாசகசாலை ஆண்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார். "நல்ல கதை ஒண்ணு, நம்ம சபையில ஒரு குடும்பத்தையே சேத்து வச்சிருக்கு. அதத் தேடி எடுத்துக் குடுத்தது நம்ம ஜாய்ஸம்மா." எல்லோரும் கைதட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன்.

ரூபி அதன் பிறகு வாசகசாலைக்கு வரவில்லை. அவள் உறுப்பினர் அட்டை பெட்டியிலேயே கிடந்தது. சில வருஷம் கழித்து, யாராவது பேசினால் தலையை ஒருபக்கமாகத் திருப்பிக் கேட்கத் தொடங்கினாள். இடது காது போய்விட்டது. காய்ச்சலில் போயிற்று என்றார்கள். சபையில் ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை, அல்லது வந்ததை வெளியே சொல்லவில்லை. ஐயா இறந்துபோனார். பிறகு ரூபியின் புருஷனும் மாரடைப்பில் போனான். அடக்க ஆராதனையில் அவன் குரலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்கள். அவள் முன்வரிசையில் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தக் காதால் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

பிரின்சி கேட்ட பட்டியலில் எனக்கு இங்கேதான் கை நின்றது. எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் ஒரு பைபிள் வசனம் உண்டு. எங்கள் வாசகசாலைச் சுவரிலேயே சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அந்த வரிசையில் முதலில் நிற்பது உண்மை. ஒழுக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது. இருபத்தெட்டு வருஷம் அதற்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தும், நான் பின்னாலிருந்துதான் தொடங்கினேன். முத்தம் எத்தனையாம் பக்கம், குடி எத்தனையாம் பக்கம் என்று எண்ணத் தெரிந்த எனக்கு, இந்தக் கதை உண்மை சொல்லுகிறதா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை. அடிக்கிறவன் மழையில் நனைந்துவிட்டால் திருந்திவிடுவான் என்று சொல்லுகிற கதையில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது. வீட்டில் தாராளமாக வைக்கலாம். அந்தக் கதைதான் நான் கொடுத்ததிலேயே மோசமானது. எதை வாசிக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இதுதான். கதையில் பாவம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். பாவத்தால் அடிபட்டவர்களை அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். கூடவே ஒரு ஆளை வைத்துக்கொண்டு வாசியுங்கள். வாசித்ததைப் பேசுங்கள். பேசியிருந்தால் எனக்கு இது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வாசகசாலைக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். புத்தகங்களைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். பீரோவை எடைக்குப் போடும்முன் அந்த இரண்டாம் பாகத்தை மட்டும் எடுத்து வீட்டில் வைத்தேன். ஏழு மாதம் வைத்திருந்தேன். போவதற்குக் கால் வரவில்லை. பிரின்சியின் போன் வந்த வாரம், ஒரு சாயங்காலம் நாலு மணிக்கு ரூபி வீட்டுக்குப் போனேன்.

மகள் பெங்களூரில் கல்யாணமாகி இருக்கிறாள். ரூபி தனியாகத்தான் இருந்தாள். "வாங்கக்கா, இங்கன உக்காருங்க, இந்தப் பக்கம்" என்று தன் வலது பக்கத்தில் நாற்காலி போட்டாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் புத்தகத்தை நீட்டினேன். அட்டையைத் திருப்பி, "வெளியிட வேண்டாம்" என்ற முத்திரையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ரூபி, அன்னைக்கு நீ கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேன். கதை முடியல. இது பீரோவுல இருந்துச்சு. சாவி என் இடுப்புலயே இருந்துச்சு. என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நீங்க ஒட்டியிருந்த தாளு மெல்லிசு. ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சா உள்ள எழுத்து தெரிஞ்சிது. முதல் பாகம் முற்றிற்றுன்னு. முதல் வாரமே பாத்துட்டேன்."

"பொறவு எதுக்கு என்கிட்ட கேட்ட?"

அவள் காப்பி டம்ளரை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தாள்.

"புஸ்தகம் வேணும்னா கடையில வாங்கியிருக்க மாட்டேனாக்கா? எங்க அம்மா போங்குது, அண்ணன் போங்கான், பாதிரியார் ஐயா ஜெபம் பண்ணிட்டுப் போம்மாங்காரு. நீங்க ஒருத்திதான் ஒண்ணும் சொல்லாம இருந்தீய. அதான் உங்ககிட்ட கேட்டேன். இன்னும் இருக்கு ரூபின்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா, நான் போகாம இருந்துருவேன்னு நினைச்சேன். நீங்க முடிஞ்சிட்டுன்னு சொன்னீய. சரி, நமக்கு இங்க ஆளில்லன்னு தெரிஞ்சிட்டு. பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டேன்."

அவள் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, எழுந்தும் போகவில்லை. நான் நிறுத்தும் வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருவில் மீன்காரி கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

"இதை நான் இனும வாசிக்கப்போறதில்லக்கா" என்று புத்தகத்தை என் மடியில் வைத்தாள். பிறகு, "நீங்க வாசிச்சிருக்கீயல்லா. அவ அதுக்கப்புறம் எப்படி இருந்தா? சும்மா சொல்லாதீய, உள்ளத சொல்லுங்க" என்றாள்.

ஒரு கதையை இன்னொரு ஆளிடம் நான் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"கஷ்டப்பட்டா ரூபி. வாடகை வீடு. சொந்தக்காரங்க யாரும் வரல. பண்டிகைக்கு ஒருத்தரும் கூப்பிடல. ஒரு ஆளுக்கும் ஒரு பிள்ளைக்கும் சோறு ஆக்கிட்டு, பேச ஆளில்லாம உக்காந்திருப்பா. கடைசி வரைக்கும் தனியாத்தான் இருந்தா. ஆனா அதுக்கப்புறம் அவள யாரும் அடிக்கல."

ரூபி வலது காதை என் பக்கம் சாய்த்து முழுவதையும் கேட்டாள்.

"அது போதுமேக்கா" என்றாள்.